கைடில் உள்ளபடி

முதல் பீரியட் முடிய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அருள்மேரி மிஸ் கிளாஸ்ல இருக்காங்க, பெல் அடிச்சதும் வருவாங்க என்று சொல்லிவிட்டு ஆயா துடைப்பத்தோடு படியிறங்கிப் போய்விட்டாள். சுகந்தி பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வெளியே வராந்தாவில் கிடந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் உட்கார மனசு வரவில்லை. கைப்பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கேட்டில் நின்று பார்த்தபோதும் இருந்தது, பஸ்ஸில் மூன்று தடவை பார்த்தபோதும் இருந்தது, துறையூர் பஸ்ஸில் அப்பேர்ப்பட்ட கூட்டத்திலும் அதை யாரும் அடித்துக்கொண்டு போய்விடவில்லை. தொலைந்துபோயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான்காக மடித்த ஒரு முழுத்தாள். மகள் கனிஷ்காவின் உருண்டையான கையெழுத்து. அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள் என்று எல்லாம் வரிசைப்படி இருந்தது. நான் அரையாண்டுக் கணிதத் தேர்வில் கைடைப் பார்த்து எழுதினேன், இனிமேல் இவ்வாறு செய்ய மாட்டேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி மு. கனிஷ்கா, பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு. இடம், நாள், உறைமேல் முகவரி, ஒன்றையும் விடவில்லை. இந்தக் கடிதத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டாக வேண்டும், கடிதம் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்ததும் சுகந்திதான். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, பெற்றோர் கையொப்பம் என்று எழுதி, இடம் விட்டிருந்தது. பிள்ளை பார்த்து எழுதவில்லை என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி எழுதியவள். இன்னொருத்தி கையெழுத்துப் போட வந்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் அருள்மேரி டீச்சர் போன் செய்தபோது சுகந்தி ட்யூசன் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் போர்டு இருக்கிறது, சுகந்தி ட்யூசன் சென்டர், ஒன்று முதல் எட்டு வரை, அனைத்துப் பாடங்களும். அனைத்துப் பாடங்களும் என்பதற்குக் கீழே பெயிண்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வேறு இழுத்துவிட்டான். டீச்சர் கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார், உங்களுக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு, நீங்களே சொல்லிக்குடுக்கிறவங்க என்றார். கூம்பின் கன அளவு கேட்டிருந்ததாம். ஆரம் ஏழு, உயரம் இருபத்து நான்கு. கனிஷ்கா கணக்குப் போட்ட வரியில் இருபத்து நான்குக்குப் பதிலாக நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறாள், ஆனால் விடை மட்டும் ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு என்று சரியாக எழுதியிருக்கிறாள். நாற்பத்திரண்டை வைத்துப் பெருக்கினால் அந்த விடை எந்த ஜென்மத்திலும் வராது. சந்தேகப்பட்டு டீச்சர் கைடைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அங்கே இருபத்து நான்கைத் திருப்பிப் போட்டு நாற்பத்திரண்டு என்று அச்சாகியிருக்கிறது. அச்சடித்தவன் செய்த தப்பு அப்படியே விடைத்தாளில் உட்கார்ந்திருக்கிறது, பார்க்காமல் எப்படி எழுத முடியும், நீங்களே சொல்லுங்க. கேட்டதற்கு அவளும் ஆமாம் மிஸ்னு ஒத்துக்கிட்டா, லெட்டரும் எழுதிட்டா, அவகிட்டயே குடுத்தனுப்பிருக்கேன், நாளைக்கு எடுத்துட்டு வந்து என் முன்னாடி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. சரிங்க டீச்சர் என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு, பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கனிஷ்காவின் ரஃப் நோட்டை எடுத்துப் பார்த்தாள். கூம்பு கணக்கு ஆறு தடவை எழுதியிருந்தது. ஆறு தடவையும் நாற்பத்திரண்டு. ஆறுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாகச் சரி போட்டிருந்தது, சாய்வாக, வாலை நீட்டி, யார் பார்த்தாலும் சுகந்தி போட்டது என்று சொல்லிவிடுவார்கள். கைடை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துத்தான் போட்டாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, யாரோ புடவையைப் பிடித்து இழுத்த மாதிரி, தனியாக இருந்த அறையிலேயே கூசியது.

கனிஷ்கா ஏன் ஒத்துக்கொண்டாள் என்பதுதான் பிடிபடவில்லை. மிஸ் நான் பார்க்கலை, மனப்பாடம் பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாமே, வாய் இருக்கிறதே. ராத்திரி சாப்பிடும்போது கேட்டதற்கு, விடும்மா என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா முருகேசனுக்கு டெப்போவில் காலை ஷிப்ட், ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வந்துரு, இந்த வயசுல யாரு பாத்து எழுதல என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவார். டெப்போவில் யாரைப் பார்த்தாலும், எங்க வீட்ல கணக்குல புலி என்று சொல்லி வைத்திருக்கிறார், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக. புலி இப்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. சுகந்தி கையை மடியில் வைத்துக்கொண்டாள். மனப்பாடம் என்று அவள் எப்படிச் சொல்லுவாள், சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும், வீட்டில் யாரும் சொல்லித்தரலையா, உங்கம்மா பார்க்கலையா என்று வரும். ஆக பிள்ளை தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, சே, அப்படியெல்லாம் இருக்காது, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் எங்கே யோசிக்கத் தெரியும், பயந்துபோய் ஆமாம் என்றிருப்பாள். பயந்துதான் இருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சுகந்தி வேண்டிக்கொண்டாள், மகள் பயந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

படிப்பு என்றால் சுகந்திக்கு வேறு என்ன தெரியும். தமிழ்ச் செய்யுளா, ராகம் போட்டுப் பாடு, பாடிக்கொண்டே அறைக்குள் நட, ஐந்தாவது நடையில் ஏறிவிடும். அறிவியலா, வரையறையை மூச்சு விடாமல் சொல், எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அங்கே அடிக்கோடு போடு. வரலாறா, ஒவ்வொரு காரணத்துக்கும் முதல் எழுத்தை எடுத்து ஒரு சொல்லாக்கு, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலக் கட்டுரைக்கு மழைநாள் என்று ஒன்றை உருப்போட்டுக்கொள், தலைப்பு திருவிழா என்று வந்தால் திருவிழாவன்று மழை பெய்தது என்று ஆரம்பி. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தவை, அதில் ஒரு காலத்தில் கர்வம்கூட இருந்தது. புவியியலில் மட்டும் ஒரு தடவை மாட்டினாள். வரைபடத்தையும் உருப்போட்டிருந்தாள், இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் புள்ளி வை, அங்கிருந்து ஆறு விரல் இழு, கோதாவரி. அந்த வருஷப் பரீட்சைக்குக் கொஞ்சம் சின்ன வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். கோதாவரி கரையைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் இரண்டு விரல் ஓடியது. திருத்திய டீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார், சுகந்தியும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் தப்பு எங்கே என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை, விரல் அளவை மாற்ற வேண்டும் என்றுதான் தோன்றியது. கணக்குக்கும் அதே வைத்தியம்தான். மற்றவர்கள் கணக்கைப் போட்டார்கள், இவள் கணக்கைப் படித்தாள். எந்தக் கணக்கு எந்தப் பக்கம், எத்தனை வரி, எந்த வரியில் சமக்குறி, எங்கே ஆகவே. பத்தாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நோட்டீஸ் போர்டில் சாக்பீஸில் பெயர் எழுதினார்கள், அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே உரக்கப் படித்தார். அந்தத் தொண்ணூற்றாறை நம்பித்தான் திருச்சியில் கணிதம் படிக்க அனுப்பினார்கள். முதல் செமஸ்டரில் ஒருநாள் பேராசிரியை போர்டில் ஒரு வரியைக் காட்டி, இங்கிருந்து அங்கே எப்படிப் போனோம், நீ சொல்லு என்றார். சுகந்தி எழுந்து நின்றாள். எப்படிப் போனோம் என்று ஒருவர் கேட்கலாம் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும், அவளைப் பொறுத்தவரை இந்த வரிக்கு அடுத்தது அந்த வரி, அவ்வளவுதான். நாற்பது பேர் பார்க்க அவள் நின்றாள். இரண்டாவது செமஸ்டருக்கு அவள் போகவில்லை. மஞ்சள் காமாலை வந்து படிப்பு நின்றுபோச்சு என்று ஊரில் சொன்னார்கள், கல்யாணத்தின்போதும் அதையே சொன்னார்கள், இப்போது அவளே நம்புகிற அளவுக்கு அந்தக் காமாலை முற்றிவிட்டது. அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தாள். போர்டில் பி.ஏ. போடவில்லை, பெயர் மட்டும் போட்டால் போதும் என்று பெயிண்டரிடம் சொன்னாள்.

வகுப்புக்குள்ளிருந்து அருள்மேரி டீச்சரின் குரல் கேட்டது. ஜன்னல் சுகந்தியின் தலைக்கு மேலே இருந்தது, கொஞ்சம் கழுத்தை நீட்டினால் பார்க்கலாம், நீட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நீட்டினாள். டீச்சர் ஓரளவு பருமன், காட்டன் புடவை, மேசைமேல் சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒட்டிய ஒரு உருளையும் கடலைப் பொட்டலம் போல ஒரு கூம்பும் வைத்திருந்தார், ஒரு பையில் ரவை. இரண்டுக்கும் வாய் ஒரே அகலம், உயரமும் ஒண்ணு, அளந்து பாத்துட்டீங்கல்ல, இப்ப இந்தப் பொட்டலத்தால ரவைய அள்ளி உருளைக்குள்ள கொட்டுனா எத்தனை தடவைல நிரம்பும், சொல்லுங்க. ரெண்டு மிஸ் என்றது ஒரு குரல். ஒன்றரை மிஸ். ரெண்டுதான் என்று சுகந்தியும் மனசுக்குள் சொன்னாள். ஒரு பெண் எழுந்து வந்து கொட்டினாள், ஒன்று என்று வகுப்பே கத்தியது, இரண்டு, உருளையில் இன்னும் இடம் இருந்தது, மூன்று, ரவை விளிம்பில் வந்து தட்டையாக நின்றது. சுகந்தி எழுந்து நின்றுவிட்டாள், தான் எழுந்ததே தெரியவில்லை. அதனால்தான் ஒன் பை த்ரீ. ஒன் பை த்ரீ பை ஆர் ஸ்கொயர் ஹெச் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மகளுக்குத் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள், அந்த ஒன் பை த்ரீ எதற்கு என்று ஒருநாளும் தோன்றியதில்லை, சாமி பெயருக்கு முன்னால் அருள்மிகு போடுவதுபோல அது முன்னால் வரும் என்று நினைத்திருந்தாள். மூன்று பொட்டலம் ஓர் உருளை, ஆகையால் பொட்டலம் உருளையில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவுதானா. ஒரு கணம் நெஞ்சில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல, நாற்பத்து மூன்று வயசில் கண் கலங்கியது. அடுத்த கணமே, எட்டாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து பெற்ற மகள்வரை எத்தனை பேரிடம் இதையே கேள்வி கேட்காமல் எழுது, எழுத எழுதப் புரியும் என்று சொல்லியிருக்கிறோம் என்ற நினைப்பு வந்து, அந்தச் சந்தோஷத்தின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. எழுத எழுதப் புரியும் என்பது பச்சைப் பொய். அவளைவிட அதிகமாக எழுதியவள் யார், அவளுக்கு என்ன புரிந்தது. உள்ளே ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தது. சுகந்தி சட்டென்று உட்கார்ந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிடலாம். போட்டால் என்ன ஆகும், கனிஷ்காவின் பெயர் கணக்கு டீச்சரோடு நின்றுவிடும், தலைமையாசிரியைவரை போகாது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார், பொதுத்தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் எல்லாம் மறந்துபோகும். போடாவிட்டால் என்ன ஆகும். இவங்களே உருப்போட வைக்கிறாங்களாம் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள், அது சாயங்காலத்துக்குள் கடைத்தெரு வந்துவிடும், போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், முருகேசன் முகத்தில் எப்படி விழிப்பது. தவிர, மகள் முன்னால். அதுதான். மற்றதெல்லாம் சாக்கு, மகள் முன்னால் என்பதுதான் அடியில் கிடக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவள், அதைப் போக்கடித்துக்கொள்ள மனசு வரவில்லை. அதற்காகப் பெற்ற பிள்ளையைத் திருடி என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டுக்கொண்டாள். போடுவேன் போலிருக்கிறதே என்று இன்னொரு பக்கம் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் என்ற சொல் போதவில்லை, பேராசிரியை முன்னால் நின்ற அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அன்றைக்குத் தெரியாமல் நின்றாள். இன்றைக்குத் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள். பெல் அடித்தது.

“வாங்க சுகந்தி டீச்சர், ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா?” என்றபடி அருள்மேரி டீச்சர் ரவைப் பையோடு வெளியே வந்தார். டீச்சர் என்று கூப்பிட்டது முகத்தில் அறைந்தது. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. ஆயா போய்க் கனிஷ்காவைக் கூட்டி வந்தாள். பிள்ளை இரட்டைச் சடையோடு வந்து மேசை ஓரமாக நின்றது, அம்மாவைப் பார்க்கவில்லை. சுகந்தி கடிதத்தை எடுத்து விரித்து வைத்தாள், மடிப்பை உள்ளங்கையால் தேய்த்தாள், தேவைக்கு மேல் தேய்த்தாள். டீச்சர் பேனாவை நீட்டினார்.

“இத ஃபைல்ல வச்சுட்டா அதோட முடிஞ்சுது. நான் பெருசு பண்ண மாட்டேன். நல்ல பிள்ளதான், என்னமோ புத்தி தடுமாறிருச்சு.”

பேனா முனை கோட்டுக்கு மேல் வந்து நின்றது. சு எழுதினால் போதும், மீதி கையெழுத்து தானாக ஓடிவிடும்.

“போட்டுரும்மா” என்றாள் கனிஷ்கா மெதுவாக.

அந்தக் குரலில் என்னவோ இருந்தது, பெரியவர்கள் குழந்தையிடம் பேசுகிற குரல். சுகந்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

“இவ பாத்து எழுதல டீச்சர்.”

“அவளே எழுதிக் குடுத்திருக்காளே.”

“பொய் சொல்லிருக்கா. அந்தக் கணக்க மனப்பாடம் பண்ணிருக்கா. எல்லாக் கணக்கையும் அப்படித்தான் பண்ணுவா. நான்தான் பண்ண வச்சேன்.”

அருள்மேரி டீச்சருக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. “கணக்கையா? அப்ப அந்த நாப்பத்திரண்டு? வீட்டுல எழுதறப்ப நீங்க திருத்துவீங்கல்ல, உங்க கண்ணுல படலையா?”

“பட்டுச்சு. கைடுல அப்படித்தான் இருந்துச்சு. ஆறு தடவை எழுதுனா, ஆறுக்கும் சரி போட்டேன்.” சுகந்தியின் காது சூடாகிவிட்டது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம், வழி திறந்துதான் இருந்தது. “எனக்குக் கணக்குத் தெரியாது டீச்சர். எப்பவுமே தெரியாது. மார்க்கு வாங்கத்தான் தெரியும்.”

டீச்சர் கடிதத்தைத் தன் பக்கமாக இழுத்து இரண்டாக மடித்தார், அப்புறம் எழுந்து ரவைப் பையை அலமாரியில் வைக்கப் போனவர், வேண்டுமென்றே அங்கே கொஞ்ச நேரம் நின்றார். சுகந்திக்கு மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிள்ளை அழும், அல்லது முகத்தைச் சுளிக்கும், இத்தனை வருஷம் ஏமாத்துனியா என்று கேட்கும். பார்த்தாள். கனிஷ்காவின் முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்று இல்லவே இல்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றாள்.

“எது?”

“உனக்குத் தெரியாதுன்னு. ஏழாங் கிளாஸ்லேர்ந்தே தெரியும்.”

“அப்பறம் ஏண்டி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?”

கனிஷ்கா சடை நுனியை விரலில் சுற்றினாள்.

“நான் எதாச்சும் கேட்டா, பால் பொங்குதுன்னு சொல்லிட்டு உள்ள போயிருவ. ஒருநாள் பின்னாடியே வந்து பாத்தேன். அடுப்பே பத்த வைக்கல. நீ சும்மா நின்னுக்கிட்டு இருந்த.”